காட்டில் பிழைத்திருக்கக் கண்ணியும் பொறியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறி வைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். காட்டில் மாட்டிக்கொண்டு உணவில்லாமல் தவிக்கும் நிலைக்கான பயிற்சி இது. பொழுதுபோக்குக்காக உயிர்களைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

காட்டில் வழி தவறிவிட்டேன். முதல் வேலையாகப் பொறி வைக்கட்டுமா?

வைக்காதீர்கள். முதல் நாள் அதற்கு நேரமே இருக்காது. பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்லும் மூன்றின் கணக்கு ஒன்று உண்டு. மூச்சு இல்லாமல் 3 நிமிடம், கடும் குளிரிலோ வெயிலிலோ ஒதுங்க இடமில்லாமல் 3 மணி நேரம், தண்ணீர் இல்லாமல் 3 நாள், சாப்பாடு இல்லாமல் 3 வாரம். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். ஆனால் வரிசை மாறாது.

சிக்கல் என்னவென்றால், வரிசையில் கடைசியில் நிற்கும் பசிதான் முதலில் சத்தம் போடும். வயிறு கிள்ளத் தொடங்கியதும் கத்தியை எடுத்துக் குச்சி சீவ உட்கார்ந்துவிடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு பார்த்தால் ராத்திரிக்குக் கூரையும் இருக்காது, நெருப்பும் இருக்காது. ஒதுங்க ஓர் இடம், குடிக்கத் தண்ணீர், எரிகிற நெருப்பு, தேடி வருபவர்கள் கண்ணில் படும்படி ஓர் அடையாளம். இந்த நான்கையும் முடித்துவிட்டுப் பொறியைப் பற்றி யோசியுங்கள்.

வேட்டையாடிவிடலாமே, பொறி எதற்கு?

வேட்டைக்கு நடக்க வேண்டும், பதுங்க வேண்டும், காத்திருக்க வேண்டும். எல்லாமே உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பைத் தின்னும். பொறியோ நீங்கள் தூங்கும்போதும் வேலை செய்யும். சிறு விலங்குகளில் பல அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் நடமாடும். உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாத நேரம் அது. பத்துக் கண்ணி வைத்தால், பத்து இடத்தில் ஆள் உட்கார்ந்து காவல் காப்பது போல.

மனிதர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டார்கள். மேற்காசியப் பாலைவனங்களில் மான் கூட்டங்களைக் குழிக்குள் இறக்குவதற்காகக் கட்டிய நீண்ட கற்சுவர்கள் இன்றும் இருக்கின்றன. வானத்திலிருந்து பார்த்தால் வாலுள்ள பட்டம் போலத் தெரிவதால் அவற்றுக்குப் ‘பாலைவனப் பட்டங்கள்’ என்று பெயர் வந்தது. ஜோர்டானில் இருப்பவற்றில் சில ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையானவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புட்ஜ் பிம் என்ற இடத்தில், எரிமலைக் கற்களை அடுக்கி விலாங்கு மீன் பிடிக்க அமைத்த கால்வாய்கள் 6,600 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 2019-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இரண்டையும் கட்டியவர்கள் விலங்கு எந்த வழியாகப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கியிருக்கிறார்கள். பொறி வைக்கும் கலையில் பாதிக்கு மேல் அதுதான்.

பழைய முறை, புதிய முறை. எதை முதலில் கற்பது?

கற்கும்போது பழையதிலிருந்து தொடங்குங்கள். கம்பிக் கண்ணியைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். குச்சியில் காடி (ஒன்றில் இன்னொன்று மாட்டுவதற்கான வெட்டுப் பள்ளம்) வெட்டி, அதன் மேல் ஒரு கல்லை நிறுத்திப் பழகுவதற்குக் கை ஒரு மாதமாவது கேட்கும். அந்த ஒரு மாதத்தில் எந்த மரம் பிளக்கும், எது வளையும், ஈரக் குச்சி காய்ந்தால் காடி எப்படி இளகும் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் நாளில் கூட இருக்கப்போவது அந்தப் பழக்கம்தான்.

அதற்காகக் கம்பியை வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். காட்டுக்குள் போகிறவர் பையில் 20 முதல் 24 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) பித்தளைக் கம்பி சில மீட்டர் இருப்பது பெரிய சுமை இல்லை. துருப்பிடிக்காது, வளைத்த வடிவத்தில் நிற்கும், விலங்கு கடித்து அறுப்பதும் கடினம். நாரில் திரித்த கயிற்றுக்கு இந்தக் குணங்கள் எதுவும் கிடையாது. நார்க் கண்ணி வைத்தால், கடிக்க நேரம் கொடுக்காத விசையும் சேர்ந்தே வர வேண்டும். கீழே அதைச் சொல்கிறேன்.

பொறியை எங்கே வைப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். நல்ல இடத்தில் வைத்த மோசமான கண்ணியில் என்றாவது ஒருநாள் ஏதாவது விழும். மோசமான இடத்தில் வைத்த அருமையான பொறி, வைத்தது வைத்தபடியே இருக்கும்.

காட்டில் விலங்குகள் கண்டபடி திரிவதில்லை. படுக்கும் இடம், மேயும் இடம், தண்ணீர் என்று மூன்று புள்ளிகளுக்கு நடுவே வழக்கமான வழிகள் வைத்திருக்கும். தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் வெறும் புல்லாகத் தெரிவது, கன்னம் மண்ணில் படக் குனிந்தால் ஒரு சின்னச் சுரங்கப் பாதையாகத் தெரியும். புதரின் அடியில் ஒரு வட்ட ஓட்டை, முள்ளில் சிக்கிய இரண்டு முடி, ஒரே சாய்வில் கடித்து வெட்டிய தண்டு, புழுக்கை. புழுக்கையை நசுக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமும் பச்சையும் இருந்தால் புதிது. வெளுத்து உதிர்ந்தால் அந்தப் பாதை பழையதாகிவிட்டது என்று அர்த்தம்.

நான் கற்கத் தொடங்கிய காலத்தில், எனக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எட்டு இடத்தில் சோதனை வைத்தேன். கம்பி இல்லை, வெறும் தையல் நூல். பாதை என்று தோன்றிய இடங்களில் இரண்டு புல் தண்டுகளுக்கு நடுவே கண்ணி போல வளைத்துச் செருகி வைத்தேன். விலங்கு தொட்டால் நூல் சரிந்துவிடும், அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு சாண் அகலத்துக்குச் சாம்பலைத் தூவிச் சமப்படுத்தினேன். மூன்று இரவு போயும் எட்டு நூலில் ஒன்றுகூட அசையவில்லை. ஓர் இடத்தில் மட்டும், நூலிலிருந்து இரண்டு சாண் தள்ளிச் சாம்பலின் ஓரத்தில் முயலின் காலடி பதிந்திருந்தது. அது வந்து, நூலைச் சுற்றி, வேலியோரமாகப் போயிருக்கிறது. பாதை அங்கே இரண்டாகப் பிரிவதை நான் கவனிக்கவே இல்லை.

இன்றும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பாடம் ஒரு நூல்கண்டும் ஒரு டப்பா சாம்பலும்தான். பத்து நூலில் குறைந்தது மூன்று ஒரே இரவில் சரியும் வரை கம்பியைத் தொட விடுவதில்லை.

இடம் கிடைத்த பிறகு வழியை ஒடுக்க வேண்டும். கண்ணிக்கு இரண்டு பக்கமும் காய்ந்த குச்சிகளை, அங்கேயே விழுந்து கிடந்தது போலச் செருகுங்கள். அடைத்து வேலி போட்டுவிடாதீர்கள். சுற்றிப் போவதைவிட நேராகப் போவது கொஞ்சம் எளிது என்று விலங்குக்குத் தோன்றினால் போதும்.

கம்பிக் கண்ணிக்கு அளவு என்ன?

முயல் அளவுள்ள விலங்குக்கு உங்கள் கை முட்டி நுழையும் வட்டம், ஏறத்தாழ 10 செ.மீ. வட்டத்தின் அடி விளிம்பு தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கட்டும். கம்பியின் ஒரு முனையில் சிறிய காது ஒன்று முறுக்கி, மறுமுனையை அதற்குள் விட்டு இழுத்தால் சுருக்கு தயார். தடையில்லாமல் வழுக்கி இறுகுகிறதா என்று விரலை விட்டு இழுத்துப் பாருங்கள். மறுமுனையை ஆழமாக அடித்த முளையிலோ உறுதியான வேரிலோ கட்டுங்கள்.

அணிலுக்கு வேறு வழி. அது ஏறி இறங்கும் மரத்தில் ஒரு கழியைச் சாய்த்து வைத்து, அதன் மேலும் பக்கவாட்டிலும் 6, 7 செ.மீ. வட்டங்களாகப் பல கண்ணிகளைக் கட்டிவிட வேண்டும். செங்குத்தான மரத்தைவிடச் சாய்ந்த கழியில் ஏறுவது எளிது என்பதால் அணில் அதையே பிடித்துக்கொள்ளும்.

தொழில்முறையில் இன்று பயன்படுவது மெல்லிய எஃகு இழைகளைத் திரித்த கேபிள். அதில் பின்னுக்குத் தளராத பூட்டும், முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் வளையமும் இருக்கும். பெரிய விலங்கு தவறிச் சிக்கினால் பிய்த்துக்கொண்டு போகும்படியான இணைப்பும் சிலவற்றில் உண்டு. கேபிள் ஒருமுறை நெளிந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நெளிவில்தான் அது அறும்.

கல் விழும் பொறியை எப்படிச் செய்வது?

தட்டையான கனத்த கல்லைச் சாய்த்து நிறுத்தி, விலங்கு இரையைத் தொட்டதும் மேலே விழச் செய்வது. பழந்தமிழில் இதற்கு அடார் என்று பெயர். புலியைப் பிடிக்கவே பெருங்கல் அடார் வைத்த வேட்டுவர்களைப் பற்றிச் சங்கப் பாடலில் வருகிறது. நமக்கு எலி, அணில் அளவு போதும்.

கற்றுக்கொள்ள மூன்று குச்சி வடிவம்தான் சிறந்தது. குச்சிகள் சேர்ந்து நிற்கும்போது 4 என்ற எண்ணைப் போலத் தெரியும். மூன்றும் பெருவிரல் தடிமன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், காய்ந்த கெட்டி மரம்.

முதல் குச்சி செங்குத்தாக நிற்கும். அதன் மேல் நுனியை உளி வாய் போலச் சீவுங்கள். நடுப்பகுதியில் ஒரு பக்கத்தைச் சதுரமாக்கி, கூரான ஒரு விளிம்பு வரும்படி செய்யுங்கள். இரண்டாவது குச்சி சாய்வாக இருக்கும். அதன் மேல் பாதியில் வெட்டும் காடி, முதல் குச்சியின் உளி நுனியில் உட்கார வேண்டும். அதன் மேல் முனை கல்லைத் தாங்கும், கீழ் முனை உளி போல இருக்கும். மூன்றாவது குச்சி படுக்கை வாட்டம். அதன் வெளி முனையில் மேல்பக்கமாக ஒரு காடி வெட்டினால், சாய்வுக் குச்சியின் கீழ் முனை அதில் மாட்டும். நடுவில் பக்கவாட்டாக ஒரு காடி வெட்டினால், அது நிற்கும் குச்சியின் சதுர விளிம்பில் கொக்கி போலப் பிடிக்கும். உள் முனை கூராகி, கல்லுக்கு அடியில் நீண்டு, இரையைத் தாங்கும்.

கல்லின் எடை சாய்வுக் குச்சியைக் கீழே தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலே மூன்று காடிகளையும் ஒன்றோடொன்று இறுக்கி வைக்கும். இரையை இழுத்தால் நடுக்காடி விளிம்பிலிருந்து நழுவும். ஒன்று நழுவினால் மூன்றும் சிதறி வெளியே தெறிக்கும், கல் விழும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முதன்முதலாகக் கல் நிற்கும்போது, கையை எடுத்த பின்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். அந்தக் கணத்துக்காகவே இதைக் கற்கலாம்.

கல்லின் எடை பிடிக்கப்போகும் விலங்கின் எடையைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும். கல் விழும் இடத்தில் அடியிலும் ஒரு தட்டைக் கல்லைப் பதியுங்கள். மண் மெத்தென்று இருந்தால் விலங்கு அமுங்கி, காயத்தோடு தப்பிவிடும். அது யாருக்கும் நல்லதில்லை.

குச்சிகளைச் சரிசெய்யும்போது கல்லுக்கு அடியில் கை போகக் கூடாது. கல்லின் ஓரத்தில் முட்டுக்கொடுக்க ஒரு கட்டையை வைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து வேலை செய்து, கடைசியில் கட்டையை உருவுங்கள். அவசரத்தில் ஒருமுறை கட்டை வைக்காமல் இரையைச் செருகினேன். இடது நடுவிரல் நகம் முழுக்க விழுந்து, மறுபடி முளைக்க மாதக்கணக்கானது. காட்டில் தனியாக இருக்கும்போது நசுங்கிய விரல் சின்ன விஷயம் இல்லை.

இதைவிட மென்மையாகத் தூண்டும் பொறி உண்டா?

உண்டு. வட அமெரிக்காவின் பாயூட் மக்கள் பெயரால் வழங்கும் பொறி. இதில் சாய்வுக் குச்சியின் கீழ் முனையில் ஒரு கயிறு இருக்கும். கயிற்றின் நுனியில் கட்டிய சிறு கட்டை, நிற்கும் குச்சியைச் சுற்றி வரும். அந்தக் கட்டைக்கும் கல்லின் அடிப்பக்கத்துக்கும் நடுவே, ஈர்க்குச்சி அளவுள்ள மெல்லிய குச்சி ஒன்று முட்டுக்கொடுக்கும். இரை அதில்தான். ஒரு சுண்டெலி மூக்கால் தொட்டாலே குச்சி விலகிவிடும். வெட்ட வேண்டிய காடிகளும் குறைவு. காற்றடித்தாலும் விழுந்துவிடும் என்பது இதன் குறை. முதல் வடிவம் கைவந்த பிறகு இதற்கு வாருங்கள்.

விசைக் கண்ணி என்பது என்ன?

வளார் போல வளையும் ஓர் இளமரத்தை வளைத்து, அதன் நுனியில் கண்ணியைக் கட்டி, தரையில் அடித்த முளையின் காடியில் ஒரு கொக்கிக் குச்சியால் மாட்டி நிறுத்துவது. விலங்கு கண்ணியை இழுத்ததும் கொக்கி கழன்று மரம் நிமிரும். சுருக்கு ஒரே இழுப்பில் இறுகும். நாரைக் கடிக்க நேரம் இருக்காது, வதையும் குறையும். பிடிபட்டது தரையிலிருந்து மேலே போய்விடுவதால் நரி போன்றவை தூக்கிக்கொண்டு போவதும் குறையும்.

இரண்டு எச்சரிக்கை. பச்சை மரத்தை நாள் கணக்கில் வளைத்தே வைத்திருந்தால் அது வளைவுக்குப் பழகி விசை இழந்துவிடும். உறைபனிக் குளிரிலும் அப்படித்தான், வளைந்தபடியே இறுகிவிடும். அங்கெல்லாம் கிளைக்கு மேலாகக் கயிறு போட்டு, மறுமுனையில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அந்த எடையை விசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாரில் கயிறு திரிப்பது கடினமா?

இல்லை. இரண்டு புரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கமாக முறுக்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கமாகச் சுற்றுங்கள். எதிரெதிர் முறுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். புது நாரைச் சேர்க்கும் இடம் இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடையில் கிடைக்கும் நவீனப் பொறிகளில் எது தேவைப்படும்?

எலிக்கு வைக்கும் சாதாரண மரப்பலகைப் பொறியை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதுதான் முதல் தேர்வு. பெரிய அளவில் இரண்டு மூன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். மரத்தில் ஆணியடித்து மாட்டினால் அணிலுக்கும் ஆகும். எடை குறைவு, உடனே கொல்லும், திரும்பத் திரும்ப வைக்கலாம்.

கால் கவ்வும் இரும்புப் பொறியை 19-ஆம் நூற்றாண்டில் பரவலாக்கியவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த செவல் நியூஹவுஸ். அங்கே கூட்டாக வாழ்ந்த ஒனைடா என்ற சமயக் குழுவினர் அதைப் பெருமளவில் தயாரித்தார்கள். விலங்கு உயிரோடு மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு கிடக்கும் என்பதால் அதற்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1991-ல் கொண்டுவந்த விதியால் தன் எல்லைக்குள் அதைத் தடை செய்தது. பிழைத்திருக்கும் தேவைக்கு அந்தக் கனத்த இரும்பைச் சுமப்பதில் அர்த்தமும் இல்லை.

கனடாவில் பொறி வைத்தே வாழ்ந்த ஃபிராங்க் கானிபேர், விலங்குகள் படும் பாட்டைப் பார்த்து, உடனே கொல்லும் பொறி ஒன்றுக்காகப் பல வருடம் உழைத்தார். 1950-களில் விற்பனைக்கு வந்த அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இரண்டு சதுரச் சட்டங்கள் கத்தரி போல மூடும். 110, 220, 330 என்று அளவுகள் உண்டு. 330 நீர்நாய், பீவர் அளவுக்கானது. அது உங்கள் கையில் மூடினால் எலும்பு முறியலாம், ஒற்றைக் கையால் திறக்கவும் முடியாது. அதைக் கையாளுகிறவர்கள், மாட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கை இழுத்து மடக்கக் கயிறு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள். ஒருவர் அருகில் நின்று சொல்லிக் கொடுக்காமல் இதைத் தொடாதீர்கள்.

எத்தனை பொறி வைக்க வேண்டும்?

ஒன்றிரண்டு வைத்துவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை. பத்துப் பதினைந்தாவது இருக்கட்டும். காலையும் மாலையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வரும்படி அமையுங்கள்.

மனித வாசனை பட்டால் விலங்கு வராதா?

முயலும் அணிலும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. நரி இனத்துக்குத்தான் அது பெரிய விஷயம். கையை மண்ணிலோ நசுக்கிய இலையிலோ தேய்த்துக்கொள்ளுங்கள், பொறியைப் புகையில் காட்டுங்கள். பாதையின் மேல் நடக்காமல் பக்கத்திலிருந்து வேலை செய்யுங்கள். வாசனையைவிடக் கலைந்த மண்ணும் மிதித்த புல்லும்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

இரையாக எதை வைப்பது?

பாதையில் வைக்கும் கண்ணிக்கு இரையே வேண்டாம். அடாருக்கு, அந்த இடத்தில் எளிதில் கிடைக்காத ஒன்றை வையுங்கள். புல்வெளியில் புல்லை இரையாக வைத்தால் யார் வருவார்கள்? இரையைக் குச்சியில் நாரால் கட்டிவிடுங்கள். சும்மா செருகினால் நோகாமல் தின்றுவிட்டுப் போய்விடும்.

மீன் பிடிக்கும் பொறி எளிதா?

தண்ணீர் பக்கத்தில் இருந்தால் முயலை மறந்துவிட்டு மீனிலிருந்து தொடங்குங்கள் என்பேன். மூங்கிலாலோ வளையும் குச்சியாலோ பின்னும் பறியின் சூத்திரம் மிக எளிது. வாய் அகலமாக இருந்து உள்ளே குறுகும். நுழைந்த மீன் சுவரை ஒட்டியே சுற்றும், நடுவில் இருக்கும் சிறு துளை அதன் கண்ணில் படாது. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே திருப்பிச் செருகினால் அதே பறிதான், சின்ன மீனுக்கு. ஓடையில் கற்களை V எழுத்து வடிவில் அடுக்கி, நுனியில் சிறு வழி விட்டு, அங்கே பறியை வைத்தால் நீரோட்டமே மீனைக் கொண்டுவந்து சேர்க்கும். கிளம்பும்போது அந்தக் கற்களைக் கலைத்துவிடுங்கள்.

முயல் கிடைத்துக்கொண்டே இருந்தால் போதும்தானே?

போதாது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். காட்டு முயலின் பச்சை இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 114 கலோரி, 22 கிராம் புரதம், 2 கிராமுக்குச் சற்று மேல் கொழுப்பு. ஒரு முயலில் அரைக் கிலோ இறைச்சி கிடைத்தால் 570 கலோரி. ஒரு நாளைத் தள்ள நான்கு முயல் வேண்டும். நான்கு முயலில் 430 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். கலோரியில் முக்கால் பங்கு புரதத்திலிருந்தே வருகிறது. நம் கல்லீரல் சமாளிக்கக்கூடியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் குமட்டல், வயிற்றுப்போக்கு, சோர்வு. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசியும் வரும்.

வடதுருவப் பகுதிகளில் பயணம் செய்த வில்ஹ்யால்முர் ஸ்டெஃபான்சன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘முயல் பட்டினி’ என்றே இதற்குப் பெயர். அதனால் கொழுப்பை விடாதீர்கள். மூளை, எலும்பு மஜ்ஜை, சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு, கொழுத்த மீன், கொட்டைகள் எல்லாம் இந்த நேரத்தில் சதையைவிட மதிப்புள்ளவை. இறைச்சியைச் சுட்டால் கொழுப்பு நெருப்பில் சொட்டி வீணாகும். பாத்திரம் இருந்தால் வேகவைத்துச் சாற்றையும் குடியுங்கள்.

பிடித்த விலங்கிலிருந்து நோய் வருமா?

வரும், கவனமாக இருங்கள். முயல், அணில், எலி இனங்களிலிருந்து துலரேமியா என்ற பாக்டீரியா நோய் தொற்றலாம். தோலுரிக்கும்போது கையிலுள்ள சின்னக் கீறல் வழியாகவே நுழைந்துவிடும். கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். கல்லீரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த விலங்கு வேண்டாம். இறைச்சி உள்ளே வரை 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். கையில் வெப்பமானி இருக்காது என்பதால், சிவப்பு கொஞ்சமும் தெரியாமல் போகும் வரை வேகவையுங்கள். கரடி, காட்டுப்பன்றி போன்றவற்றின் தசையில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம். உப்புப் போடுவதையும் புகை காட்டுவதையும் உலர்த்துவதையும் நம்ப முடியாது, நன்றாக வேகவைப்பதே வழி. பயமில்லாமல் கிட்டே வரும், தள்ளாடும் பாலூட்டியைத் தொடவே வேண்டாம். வெறிநோயாக இருக்கலாம்.

குழி தோண்டிப் பெரிய விலங்கைப் பிடிக்கலாமா?

வேண்டாம். தோண்டுவதற்கே ஒரு வார உணவுக்கான தெம்பு போய்விடும். உங்களைத் தேடி வருகிறவர் அதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் எங்கும் சும்மா விடமாட்டார்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே கண்ணி வைப்பதும் பொறி வைப்பதும் அடங்கும். வேல்ஸ் 2023-லும் ஸ்காட்லாந்து 2024-லும் கண்ணியைத் தடை செய்தன. வட அமெரிக்காவின் பல மாநிலங்களில் உரிமமும் அதற்கு முன் பயிற்சி வகுப்பும் வேண்டும். அதனால் பயிற்சியை விலங்கில்லாமல் செய்யுங்கள். நூல் கண்ணி, சாம்பல், கல்லுக்குப் பதில் மணல் நிரப்பிய அட்டைப்பெட்டி, தூண்டிப் பார்க்க நீளமான புல் தண்டு. நான் சொல்லிக் கொடுக்கும் எல்லாவற்றையும் இப்படியே கற்றுவிடலாம்.

விலங்கு துடிக்காமல் இருக்க என்ன செய்வது?

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். 1990-களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ரஷ்யா சேர்ந்து செய்துகொண்ட உடன்பாடு, கொல்லும் பொறிகளுக்கு நேரக் கெடு வைத்தது. உணர்விழக்கும் வரை மரநாய் இனம் சிலவற்றுக்கு 120 வினாடி, எர்மின் என்ற சின்னக் கீரி போன்ற விலங்குக்கு 45 வினாடி, மற்றவற்றுக்கு 300 வினாடி. நீங்கள் குச்சியில் செய்யும் பொறியை யாரும் அளக்கப்போவதில்லை. அதனால் கல் இன்னும் கனமாக இருக்கட்டும், விசை இன்னும் வேகமாக இருக்கட்டும். விடிந்ததும் முதல் வேலை சுற்றிப் பார்ப்பதாக இருக்கட்டும். உயிரோடு கிடந்தால் தயங்கி நிற்காதீர்கள். தலையின் பின்பக்கத்தில் தடியால் ஓங்கி ஒரே அடி. தயக்கம் அதற்குத்தான் வலியைக் கூட்டும்.

கிளம்பும்போது பொறிகளை அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. நீங்கள் போன பிறகும் கண்ணி இறுகும். சிக்கியது யாருக்கும் உணவாகாமல் நாள் கணக்கில் கிடந்து சாகும். மனிதர்கள் நடக்கும் இடமென்றால் நாயோ குழந்தையோ மாட்டலாம்.

நினைவை நம்பாதீர்கள். ஒவ்வொரு பொறி வைக்கும்போதும் ஒரு கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுங்கள், எடுக்கும்போது ஒன்றை அவிழுங்கள். ஒரு பயிற்சியின் கடைசி மாலையில் எல்லா நூலையும் எடுத்துவிட்டோம் என்று பையைக் கட்டினோம். என் கயிற்றில் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. வெறும் தையல் நூல்தானே என்று கூட வந்தவர் சொன்னார். டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனோம். முக்கால் மணி நேரம் தேடி, ஒரு முள்புதரின் பின்னால் கண்டுபிடித்தோம். நூல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சாம்பலில் நான்கு காலடிகள், ஈரம் காயாமல்.